விருது விண்ணப்பத்தின் முதல் நிபந்தனை: கௌரவ விரிவுரையாளருக்கு இடம் எங்கே?

செப்டம்பர் 5 அன்று தில்லியில் குடியரசுத் தலைவர் வழங்கும் தேசிய ஆசிரியர் விருது, நெடுங்காலம் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2023 முதல் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உயர்கல்வித் தரப்பில் 2023இல் 13 பேரும், 2024இல் 16 பேரும், 2025இல் 21 பேரும் அதைப் பெற்றனர். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். தொகை பெரிதன்று. ஆயினும் ‘நல்ல ஆசிரியர் யார்’ என்பதற்கு அரசு தரும் விடை இது. அந்த விடையில் நம் வகுப்பறைகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது அவசியம்.

தேர்வுக்கான அளவுகோல்களைப் படித்தால் அவை நமக்கு எதிரானவை என்று சொல்ல முடியாது. கற்பித்தல்–கற்றல் திறன், சமூகத் தொடர்புப் பணி, ஆராய்ச்சி, நிதியுதவி பெற்ற ஆய்வுத் திட்டங்கள் முதலியவை மதிப்பிடப்படுகின்றன. இவற்றுள் முதல் இரண்டுக்கே அதிக மதிப்பு. வெளிநாட்டு இதழ்களில் எத்தனை கட்டுரைகள் என்று மட்டுமே எண்ணும் பழக்கத்திலிருந்து இது வரவேற்கத்தக்க விலகல். சிக்கல் அளவுகோலில் இல்லை. அதற்கு முன்பே வரும் தகுதி நிபந்தனையில் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் நிரந்தரப் பணியில் உள்ள ஆசிரியராக இருக்க வேண்டும். இளநிலை அல்லது முதுநிலை வகுப்புகளில் ஐந்தாண்டு முழுநேரக் கற்பித்தல் அனுபவம் வேண்டும். வயது 55ஐக் கடந்திருக்கக் கூடாது.

‘நிரந்தரப் பணி’ என்ற அந்தச் சொல்லை நம் மாவட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது 1929இல். அதாவது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காக இவ்வூரில் நடந்த உழைப்பு பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013இல் மாநில அரசு பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் கடலூர் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் மாணவர்களை எதிர்கொள்பவர்களில் கௌரவ விரிவுரையாளர்களும் அடக்கம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இவர்கள் 7,000 பேருக்கும் மேல். மாத ஊதியம் 25,000 ரூபாய். விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லியிருக்கிறது. பத்தாண்டு, பதினைந்தாண்டு பாடம் நடத்தியவரும் ‘கௌரவம்’ என்ற அடைமொழியோடு நின்றுவிடுகிறார். (எந்தக் கௌரவம் என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.) அவர் எவ்வளவு திறம்படக் கற்பித்தாலும் இவ்விருதுக்கு விண்ணப்பிக்கவே இயலாது.

சட்டம் என்ன சொல்கிறது? விருது என்பது பணி நியமனமன்று. எனவே 16(4) உறுப்பின்படி விருதில் இடஒதுக்கீடு கோர முடியாது. ஆனால் 14ஆம் உறுப்பு ஒரு கேள்வியை எழுப்புகிறது. அரசு மக்களை இரு வகையாகப் பிரித்தால், அப்பிரிவினைக்கும் அடைய விரும்பும் நோக்கத்துக்கும் பொருத்தமான தொடர்பு இருக்க வேண்டும். கற்பித்தல் திறனைப் போற்றுவதே நோக்கம் எனில், நியமன ஆணை எவ்வகையினது என்பதற்கு அதில் என்ன வேலை? வாதம் வலுவானது என்றே நாங்கள் கருதுகிறோம். எனினும் விருதின் தகுதி நிபந்தனைகளைக் கொள்கை முடிவாகக் கருதி நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். ஆகவே முதலில் வழக்கு என்று நாங்கள் அறிவுறுத்த மாட்டோம். மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு ஒப்பந்த ஆசிரியர்களுக்கான தனிப் பிரிவு கோரி முறையீடு அனுப்புவதே சரி. இதன் வேர் வேறிடத்தில் இருப்பதையும் மறக்கலாகாது. நிரப்பப்படாத பட்டியல் சாதி, பழங்குடிப் பின்னடைவுப் பணியிடங்களைத் தனித் தொகுதியாகக் கருதலாம், 50 விழுக்காட்டு உச்சவரம்பு அவற்றுக்குப் பொருந்தாது என்று 2000ஆம் ஆண்டின் 81ஆவது திருத்தம் 16(4பி) உறுப்பைச் சேர்த்தது. அவற்றை நிரப்ப அரசியலமைப்பு தடையாக இல்லை.

இதற்கிடையே, நிரந்தரப் பணியில் இருக்கும் தலித் ஆசிரியர்கள் விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது. நிறுவனம் முன்மொழிவது ஒரு வழி மட்டுமே. தம்மைத் தாமே முன்மொழியலாம். சக ஆசிரியரும் முன்மொழியலாம். துறைத்தலைவரின் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது, சாதி எப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்களுக்குச் சிறிய செய்தியன்று.

விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் தோற்கிறார்கள். மாலையில் விடுதிக்குச் சென்று (அரசு இப்போது அவற்றைச் ‘சமூகநீதி விடுதி’ என்கிறது) கணக்குச் சொல்லித் தருவதையும், ஆங்கிலப் பாடநூலுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுப்பதையும் ‘உதவி’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது உதவியன்று, கற்பித்தல். பருவத்தின் தொடக்கத்தில் எத்தனை மாணவர்கள் தேர்ச்சி நிலைக்குக் கீழே இருந்தனர், இறுதியில் எத்தனை பேர் தேறினர், இடைநின்றவர்களில் எத்தனை பேர் திரும்பினர் என்பதைத் தேதியோடு பதிவு செய்தால் அது கற்றல் விளைவுக்கான சான்று. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் சரியான நேரத்தில் செல்ல உழைத்ததும் சமூகத் தொடர்புப் பணியில் இடம்பெறலாம். முன்னாள் மாணவர்கள் பாராட்டு மடலை விட, என்ன கற்றோம், எப்படிக் கற்றோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது பயன்தரும்.

மாணவர் அமைப்புகளுக்கு வேறொரு வேலை உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கல்வி அமைச்சகத்திடம் மூன்று எண்ணிக்கைகளைக் கேளுங்கள்: 2023 முதல் ஆண்டுவாரியாகத் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த முன்மொழிவுகள், அவற்றுள் பட்டியல் சாதி, பழங்குடியினர், இறுதிப் பட்டியலை எட்டியவர்கள். பெயர்களைக் கேட்க வேண்டா. தனிநபர் விவரம் என்று மறுக்க அது வழிவகுக்கும். தன்னிடம் உள்ள தகவலை மட்டுமே அலுவலகம் தரும் என்பதால், ‘சாதிவாரி விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்ற பதில் வரலாம். அதைப் பத்திரப்படுத்தி மேற்சொன்ன முறையீட்டுடன் இணையுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.