தொப்பி விளக்கு சொல்லும் நிறப் பாடம்



விளக்கு எதற்கு? வெளிச்சத்துக்கு. அப்படியானால் சுரங்கத் தொழிலாளியின் தலைத் தொப்பியில் மாட்டிய விளக்கிலே சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு என்ன வேலை? "நமக்கு ஏன் ஸார் சுரங்கக் கதை? நெமிலியிலே சுரங்கமா இருக்கு?" என்று கேட்காதீர்கள். கடைசியில் இந்தக் கதை நம்ம ஊர் டேனரிக் குழிக்குத்தான் வந்து நிற்கப் போகிறது.

நமக்கும் சுரங்கத்துக்கும் உறவு உண்டு. அந்நாளைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கோலார் தங்க வயலுக்குப் போயின. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம். 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அங்கே கார்பைடு விளக்கு எரிந்த காலமும் உண்டு. ஆனால் நிலக்கரிச் சுரங்கத்தில் திறந்த சுடரைக் கொண்டுபோனால் அவ்வளவுதான்! காரணம் மீத்தேன் வாயு.

நீலத் தொப்பி

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். 1815-ல் ஹம்ப்ரி டேவி இதற்கு ஒரு வழி கண்டார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. வலை சூட்டை வாங்கிக்கொள்வதால் தீ வெளியே தாவாது. ஆனால் வெளியே இருக்கும் மீத்தேன் உள்ளே வந்து எரியும். திரியைத் தாழ்த்திப் பார்த்தால் சுடர் மேல் வெளிர் நீலத்தில் ஒரு தொப்பி தெரியும். வாயு ஏற ஏற அந்த நீலத் தொப்பியும் உயரும். அனுபவசாலிகள் அந்த உயரத்தைப் பார்த்தே எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் சுடர் மங்கும், பிறகு அணைந்தே போகும். ஆக, அந்த விளக்கு வெளிச்சமும் கொடுத்தது, செய்தியும் சொன்னது.

நம் நாட்டு விதிப்படி 1.25 சதவீதம் வந்தாலே மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும். வெடிப்பின் கொடுமைக்கு ஓர் உதாரணம் போதும். 1965 மே 28-ல் தோரி நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 268 பேர் மாண்டார்கள்.

சிவப்பு, பச்சை

பின்னால் மின்சாரத் தொப்பி விளக்கு வந்தது. இடுப்பிலே பாட்டரி, தலையிலே விளக்கு, நடுவிலே ஒரு கேபிள். இப்போது எல்.இ.டி., லித்தியம் பாட்டரி. பல மாடல்களில் சார்ஜ் ஏறும்போது சிவப்பு எரியும், நிறைந்ததும் பச்சை. சிலவற்றில் பாட்டரி தீரும்போதும் சிவப்புதான் மினுக்கும். பார்த்தீர்களா, ஒரே சிவப்புக்கு இரண்டு அர்த்தம்! அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலோ சிவப்புத் தொப்பி என்றால் "இவன் புது ஆள், கவனிச்சுக்கோ" என்று பொருள்.

கேஸ் சிலிண்டரிலும் இதே கதைதான். நம் நாட்டில் மருத்துவ ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். அமெரிக்காவில் அது பச்சை. ஆகவே நிறத்துக்குத் தானாக ஓர் அர்த்தமும் கிடையாது. அந்த இடத்தில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான் அர்த்தம். சிவப்பு பச்சை பிரித்தறியாத கண்ணுள்ளவர்களும் நம்மிடையே உண்டு. அதனால்தான் நல்ல எச்சரிக்கைப் பலகையில் நிறத்தோடு எழுத்தும் வடிவமும் சேர்ந்திருக்கும்.

நம்ம ஊர்க் குழி

இனி நம் கதை. மின்சார விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தரும். "வாயு இருக்கு, உள்ளே இறங்காதே" என்று அது சொல்லாது. அடுத்து இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போகப்போகும் நாம் இதை மனசிலே வைக்க வேண்டும்.

தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். காரத்தில் இருக்கிற வரை அது சாது. பிக்கிள், குரோம் கட்டங்களின் அமிலக் கழிவு அதோடு ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தேங்கிய கசடிலும் பாக்டீரியாவால் இதே வாயு உண்டாகும். மீத்தேன் காற்றைவிட லேசு, கூரையில் தங்கும். இது கனம், குழியின் அடியில் படுத்திருக்கும். இதற்கு நிறமே கிடையாது.

"அழுகின முட்டை நாத்தம் வருமே, தெரிஞ்சுடாதா?" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாசனை போயிடுச்சு, இனி இறங்கலாம்" என்று நினைத்த நிமிஷமே எமன் வருகிற நிமிஷம். ஒருத்தர் விழ, காப்பாற்ற இறங்கினவரும் விழ, இப்படித்தான் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள்.

லெட் அசிடேட் தாளை இந்த வாயுவில் காட்டினால் வெள்ளைத் தாள் பழுப்பாகிக் கறுக்கும். லேபில் நாம் பார்த்த அதே சோதனைதான். நிறமில்லாத விஷத்துக்கு நாம் கொடுத்த நிறம் அது. ஆனால் தாளை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஆக்ஸிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் அளக்கும் கருவி உண்டு. அளவு மீறினால் விளக்கு மினுக்கி அலறும். கருவியைக் கயிற்றில் கட்டி முதலில் கீழே இறக்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் யாரும் இறங்கக் கூடாது. காற்றோட்டம், இடுப்பில் கயிறு, மேலே காவலுக்கு ஆள், எழுத்தில் அனுமதி, இவ்வளவும் வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் சுவாசக் கருவி இல்லாமல் இன்னொருவர் குதிப்பது வீரம் அல்ல.

நண்பர்களே! நாளைக்கு நாம் சூப்பர்வைசர். "இறங்குப்பா" என்று சொல்லப்போகும் வாய் நம் வாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே "இங்கே இந்த நிறத்துக்கு என்ன அர்த்தம், வாயு அளக்கிற கருவி எங்கே?" என்று கேளுங்கள். கேட்பதிலே வெட்கம் இல்லை. கேட்காமல் ஓர் உயிர் போனால், அந்த வெட்கம் ஆயுசுக்கும் போகாது.