கர்ப்பப்பையை எடுக்கும் முன்...
"மாசா மாசம் உயிர் போகுது, கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர்!" தேயிலைக் கொழுந்து பறிக்கும் இளம்பெண் இப்படிக் கேட்டால், அந்த வலி பொய்யில்லை. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் நோயில், கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிறது. அதை அகற்றாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி திரும்பலாம். பிறகு கருத்தரிக்கவும் முடியாது. சினைப்பைகளையும் எடுத்தால் இளவயதிலேயே மாதவிடாய் நின்று, எலும்பு பலவீனமாகலாம்.

ஹார்மோன் மாத்திரை, லேப்ராஸ்கோப்பி பற்றி முதலில் கேளுங்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் ஆலோசனையும் பெறுங்கள். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைப் பின்பற்றுமாறு 2023-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.

எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் "எடுத்துடலாம்" என்று தோன்றினால், அது உங்கள் முடிவு. வீட்டாருடையது அல்ல.