கழிந்த காசு எங்கே நிற்கிறது?

"என்ர கணக்கில கழிஞ்சிட்டுது, அம்மான்ர கணக்கில இன்னும் விழேல்ல. காசு எங்க?" கண்டியில் வேலை செய்து கிளிநொச்சிக்குக் காசு அனுப்புகிறவர்கள் என்னிடம் கேட்பது இது. நான் வங்கி ஆள் அல்ல. கட்டுகஸ்தோட்டையில் இருந்து மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் இது எங்கள் தொழிலின் பழைய தலையிடி.

நீங்கள் ஒரு தடவை அழுத்த, உள்ளே பல கணனிகள் இயங்குகின்றன. உங்கள் வங்கி காசைக் கழிக்கிறது. 2015இல் தொடங்கிய செப்ட்ஸ் என்ற பொது இணைப்பு செய்தியை மற்ற வங்கிக்குக் கொண்டுபோகிறது. அது அம்மாவின் கணக்கில் வரவு வைக்கிறது. ஒவ்வொன்றும் தன் ஏட்டில் மட்டுமே எழுதும்.

ஏ9 வீதியால் சாமான் கொண்டுபோனவர்களுக்கு இது விளங்கும். ஓமந்தையில் இறக்கிச் சோதித்து ஏற்றியதும் அந்தச் சாவடியின் அலுவல் முடிந்தது. எது ஏறியது, எது விடுபட்டது என்ற முழுக்கணக்கும் லொறியோடு போனவரிடம்தான் இருந்தது. மென்பொருளிலும் அப்படி ஒரு பகுதி வேண்டும்: எந்தப் படி முடிந்தது, எது மிச்சம் என்று குறித்து வைக்க.

நடுவில் ஒரு படி தவறினால், முடிந்ததை அழிக்க முடியாது. எதிர்ப்பதிவு போட்டு ஈடுகட்ட வேண்டும். 1987இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கெனத் சலெமும் இதைச் 'சாகா' என்ற பெயரில் எழுதினார்கள். 2002இல் வந்த பிபெல் என்ற கணனி மொழியிலும் இந்த ஈடுகட்டலுக்கு இடம் இருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையரான சஞ்ஜீவ வீரவரண.

மற்ற வங்கி 'முடியாது' என்று பதில் தந்தால் கவலையில்லை, காசைத் திருப்பலாம். பதிலே வராவிட்டால்தான் சிக்கல். செய்தி போய்ச் சேரவில்லையா, அல்லது வரவு வைத்தபின் பதில் வழியில் தொலைந்ததா? அனுப்பிய கணனிக்குத் தெரியாது. அவசரப்பட்டுத் திருப்பினால் இரண்டு பக்கமும் காசு இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு அனுப்பலுக்கும் ஓர் இலக்கம். அதே இலக்கத்தோடு பத்துத் தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் வரவு வைக்க வேண்டும்.

நீங்கள் பதறிப்போய் மறுபடி முதலிலிருந்து அனுப்பினால் புதிய இலக்கம் பிறக்கும். கணனிக்கு அது இரண்டாவது அனுப்பல். மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்புகிறவருக்கு அது சின்ன விசயமில்லை. பொறுங்கள். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கியை அழையுங்கள். 'அனுப்பியாச்சா' என்று கேட்டால் 'ஓம்' என்றுதான் சொல்வார்கள். மற்ற வங்கி என்ன பதில் தந்தது என்று கேளுங்கள். அந்த இலக்கத்தை அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள், அவர் தன் கிளையில் போய் நின்றால் தேடுவதற்கு அதுதான் உதவும்.