காரணவாதத்தை வலுவிழக்கச் செய்தல்

காரணவாதத்தை வலுவிழக்கச் செய்தல் என்பது தருக்கத் திறனறி தேர்வுகளில் இடம்பெறும் ஒரு வினாவகை. எல்சாட், ஜிமேட் போன்ற பன்னாட்டுத் தேர்வுகளிலும், இந்தியாவில் சட்டக் கல்விக்கான கிளாட் தேர்விலும் இது வருகிறது. ஒரு நிகழ்வுக்கு இன்னதுதான் காரணம் என்று சிறு பத்தி ஒன்று வாதிடும். அந்த வாதத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் குறைக்கும் விடையைத் தேர்வர் கண்டறிய வேண்டும். முடிவு பொய் என்று நிறுவத் தேவையில்லை. தரப்பட்ட விடைகள் உண்மையா என்று ஆராயவும் வேண்டியதில்லை; அவற்றை உண்மை என்றே கொள்ள வேண்டும்.

இராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே உள்ள கடலோர ஊர் அக்காள்மடம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்களின் இனப்பெருக்கத்துக்கு இடம் தருவது இதன் நோக்கம். இப்பகுதியை வைத்து இப்படி ஒரு வினா அமைக்கலாம்: 'தடை முடிந்த முதல் நாளில், தடைக்கு முந்தைய நாட்களைவிட மீன்பாடு அதிகம். ஆகவே தடைக்காலத்தில் மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகியதே இந்த உயர்வுக்குக் காரணம்.'

இதை வலுவிழக்கச் செய்யும் விடைகளுள் கூர்மையானது: 'முதல் நாளில் பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை ஒரு வயதைக் கடந்த மீன்கள்.' அப்படியானால் அவை தடைக்கு முன்பே பிறந்தவை. இரண்டு மாதங்கள் யாரும் அள்ளாததால் கடலில் தங்கியவை என்ற மாற்றுக் காரணம் எழுகிறது.

காரணம் இல்லாமலே விளைவு தோன்றியதைக் காட்டுவது இன்னொரு வழி. 'இனப்பெருக்கக் காலம் அல்லாத மாதங்களில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின்பும் மீன்பாடு இதே அளவு உயர்ந்தது' என்ற விடை அதைச் செய்கிறது. கணக்கையே ஐயுறவும் இடமுண்டு. முதல் நாளில் இருமடங்கு படகுகள் கடலுக்குப் போயிருந்தால் மொத்த மீன்பாடு கூடுவதில் வியப்பில்லை.

காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் பார்க்கும் வழி இங்கே செல்லாது. தடை நாள்காட்டிப்படி வருகிறது. மீன்பாடு கூடியதால் வருவதில்லை. ஆனால் 'ஐஸ் ஆலைகள் மிகுந்த ஊர்களில் மீன்பாடு அதிகம். ஆகவே ஐஸ் ஆலைகளே மீன்பாட்டைக் கூட்டுகின்றன' என்ற வாதத்தை அந்த வழியிலேயே எளிதாகச் சாய்க்கலாம்.

தேர்வர்கள் பெரிதும் தடுமாறுவது தொடர்புடையதுபோல் தோன்றும் விடைகளில்தான். 'தடைக்காலத்தில் மீனவர்கள் வருமானம் இழக்கிறார்கள்' என்பது மெய். அதற்காகவே அரசு நிவாரணம் தருகிறது. எனினும் மீன்பாடு ஏன் உயர்ந்தது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 'நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை' என்பதும் மெய்தான். ஆயினும் விசைப்படகுகளின் இழுவைமடி ஓய்ந்திருந்தாலே மீன்கள் பெருக வாய்ப்புண்டு என்பதால், அது வாதத்தைச் சிறிதே அசைக்கும்.

வாதம் வலுவிழந்தால் தடையே வீண் என்று பொருளாகாது. தடைக்காலத்தில் பொரித்த குஞ்சுகளின் பயன் முதல் நாள் வலையில் தெரியாமல், பல மாதங்கள் கழித்துத் தெரியலாம். 'தடை பயனற்றது' என்று முடியும் விடையைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கப்படாத வினாவுக்கு விடை எழுதுகிறார்.