தெருமுனைக் குரல்களில் ஒரு கொலை வழக்கு

அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'சாங்ஸ் ஃப்ரம் தி கேப்மேன்' ஆல்பத்தின் முதல் பாட்டில் வாத்தியமே இல்லை. ஆண்குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, 1950களின் நியூயார்க் தெருமுனைகளில் கேட்ட டூ-வாப் கூட்டுப்பாட்டாக இதமாகத் தொடங்குகின்றன. கேட்கக் கேட்க உடம்பு தளர்கிறது. அப்புறம்தான் வரிகள் காதில் ஏறுகின்றன. பாடுகிறவன் இரட்டைக் கொலைக்குத் தண்டனை கேட்க நீதிமன்றம் போய்க்கொண்டிருக்கிறான். பாட்டில் மின்சார நாற்காலியின் நிழல் விழுந்து கிடக்கிறது.

இது நடந்த கதை. 1959 ஆகஸ்ட் இறுதியில், மன்ஹாட்டனின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியிலுள்ள ஒரு விளையாட்டுத் திடலில், எதிரிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தவறாக எண்ணி இரண்டு பையன்களைக் குத்திக் கொன்றான் சால்வடோர் அக்ரோன். புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவன், வயது 16. தோளில் 'கேப்' எனும் அங்கி போட்டிருந்ததால் பத்திரிகைகள் அவனுக்கு 'கேப்மேன்' என்று பெயர் வைத்தன. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். சிறையில்தான் அக்ரோன் எழுதப் படிக்கக் கற்றார், கவிதை எழுதினார் (இங்கிருந்து 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை). 1979இல் விடுதலையானார், 1986இல் 42 வயதில் இறந்தார்.

அந்தக் கொலை நடந்தபோது சைமனுக்கு 17 வயது. அதே நகரின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 1957இலேயே நண்பர் ஆர்ட் கார்ஃபங்கலுடன் 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் ஒரு சிறு வெற்றிப் பாடலைக் கண்டிருந்தார். அக்ரோனின் தெருவில் ஒலித்த பாட்டுகள்தான் சைமன் வீட்டு வானொலியிலும் ஒலித்தன. பல பத்தாண்டுகள் கழித்து, நோபல் பரிசு பெற்ற கவிஞர் டெரெக் வால்காட்டுடன் சேர்ந்து அக்ரோனின் கதையைச் சைமன் இசை நாடகமாக்கினார். 1998 ஜனவரியில் பிராட்வேயில் அரங்கேறியது. பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்றவர்கள் வாசலில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், விமர்சகர்கள் உள்ளே போய்க் கிழித்தார்கள். 68 காட்சிகளோடு திரை விழுந்தது. நட்டம் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். நாடகத்துக்கு இரண்டு மாதம் முன்பே, 1997 நவம்பரில், சைமன் பெரும்பாலும் தன் குரலிலேயே பாடி வெளியிட்ட ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 42ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 'கிரேஸ்லேண்ட்' என்ற வெற்றி ஆல்பத்தைச் செய்தவருக்கு அது பெரிய சறுக்கல். நாடகத்தின் தோல்வி ஆல்பத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

அது அநியாயம் என்பது என் கட்சி. மேடையில் பலவீனமாகப் போன ஒன்று காதில் பலமாக நிற்கிறது. ஏன் என்று பார்க்க, டூ-வாப் நம் காதை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்து டூ-வாப் பாட்டுகளில் எண்ணற்றவை நான்கே நான்கு கார்டுகளில் சுற்றுகின்றன. இங்கே கார்ட் என்றால் மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. சங்கராபரணத்தின் சுரங்களில் சொன்னால் முதல் கார்ட் ச-க-ப. அடுத்தது த-ச-க. கவனியுங்கள், சட்ஜமும் காந்தாரமும் அப்படியே இருக்கின்றன, பஞ்சமம் மட்டும் ஒரு படி ஏறித் தைவதமாகிறது. மூன்றாவது ம-த-ச. இங்கும் இரண்டு சுரங்கள் நிற்கின்றன, காந்தாரம் மட்டும் மத்தியமமாக நகர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சுரம்தான் இடம் மாறுகிறது. மகிழ்ச்சியிலிருந்து ஏக்கத்துக்குப் போன அந்த நகர்வைக் காது உணர்கிறது, ஆனால் அதிர்வதில்லை. நான்காவது கார்ட் ப-நி-ரி. முன்னதன் சுரம் ஒன்றுகூட மிச்சமில்லை. அதிலுள்ள நிஷாதம் சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நின்று மேலே ஏறத் தவிக்கிறது. மறுபடி ச-க-ப வந்தால்தான் நமக்கு மூச்சு வருகிறது. இந்தச் சுற்று பத்து முறை வந்தாலும் சலிப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நாமே வீடு திரும்ப ஆசைப்படுகிறோம்.

வாத்தியம் இல்லாமல் பாடுவதில் இன்னொரு வசதி. ச-க-ப மூன்றின் அதிர்வெண்களும் 4:5:6 என்ற விகிதத்தில் இருந்தால் காதுக்கு அவை சுத்தமாகச் சேர்கின்றன. பியானோவின் காந்தாரம் அப்படி இல்லை. எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாக, அதை அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உயர்த்தி வைத்திருக்கிறார்கள். சட்ஜம் 220 ஹெர்ட்ஸ் என்றால் சுத்தமான காந்தாரம் 275, பியானோவில் 277க்குச் சற்று மேலே. இந்தச் சிறு வித்தியாசத்தால் அவற்றோடு சேர்ந்தே எழும் மேல்சுரங்கள் மோதி, வினாடிக்கு ஒன்பது முறைபோல மெல்லிய நடுக்கத்தை உண்டாக்கும். மனிதத் தொண்டைக்குக் கட்டை கிடையாது. பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே பாடகர் காந்தாரத்தை அந்த இடத்துக்கு இறக்கிக்கொள்ள முடியும். மேல்சுரங்கள் பொருந்தினதும் நடுக்கம் அடங்கி, பாடாத ஒரு குரல் மேலே கேட்பதுபோல மினுமினுக்கும்.

டூ-வாப் பையன்கள் பாட இடம் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. கட்டடங்களின் மாடிப்படி நடை, பளிங்கு பதித்த நுழைவாயில், சுரங்க ரயில் நிலையம். ஓடு பதித்த சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் உறிஞ்சும். மிச்சமெல்லாம் திரும்பி வரும். ஒருவன் நிறுத்திய சுரத்தின் வால் அடுத்தவன் எடுக்கும் சுரத்தோடு கலக்கும். காசு கொடுத்து ஸ்டூடியோ எடுக்க முடியாதவர்களுக்கு நகராட்சியே எதிரொலி அறை கட்டிக் கொடுத்திருந்தது. இது கறுப்பினப் பையன்களின் இசை மட்டும் அல்ல. 1956இல் புகழ்பெற்ற ஃபிராங்கி லைமன் அண்ட் த டீனேஜர்ஸ் குழுவில் ஹெர்மன் சாண்டியாகோ, ஜோ நெக்ரோனி இருவரும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். ஆகவே அக்ரோனை டூ-வாப்பில் பாடவைத்தது சைமனின் ஜோடனை இல்லை.

ஆல்பத்தின் இன்னொரு பாதி கரீபியத் தாளத்தில் ஓடுகிறது. 'தி வேம்பயர்ஸ்' பாட்டில் பியானோவும் டிரம்பெட்டும் சேர்ந்து ஒரு கும்பலின் மிரட்டலை ஆட்டமாக்குகின்றன. இந்த இசைக்கு அடிப்படை கியூபாவின் கிளாவே. ஒரு சுற்றை 16 சமமான இடங்களாகப் பிரித்து 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்தில் மட்டும் கை தட்டிப் பாருங்கள், காலை மட்டும் 1, 5, 9, 13இல் போடுங்கள். ஒன்பதில் கால் விழும், கை விழாது. அந்த வெற்றிடத்தை உடம்பே நிரப்பிக்கொள்ளப் பார்க்கும். மரியா விடெக்கும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அடி முழுக்கச் சீராக இருந்தாலும் ஆட அவ்வளவாகத் தோன்றவில்லை, மிகவும் சிதறியிருந்தாலும் அவ்வளவாகத் தோன்றவில்லை, நடுத்தரமாகப் பிசகும்போதுதான் அதிகம் தோன்றியது. இதே ஐந்து தட்டுதான் 1955இல் பாடகர் போ டிட்லி வழியாக ராக் அண்ட் ரோலுக்குள் வந்தது. சைமன் டூ-வாப்பையும் கரீபியத் தாளத்தையும் ஒரே ஆல்பத்தில் வைத்ததில் வலிந்து ஒட்டியது எதுவும் இல்லை.

ஆக, மனசாட்சி வாய் திறப்பதற்குள் காது சம்மதித்துவிடுகிறது, கால் தாளம் போட்டுவிடுகிறது. ஒரு கொலைகாரன் பக்கம் நாம் சாய்ந்திருப்பது நமக்கே உறைக்கும்போது பாட்டு பாதி போய்விடும். இதை இனிப்பு பூசுவது என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சங்கடமே ஆல்பத்தின் கேள்வியாகத் தெரிகிறது. மேடையில் இது வேலை செய்யாததற்குக் காரணமும் இருக்கிறது. நாடகப் பாட்டு கதையை முன்னே தள்ள வேண்டும். சைமனின் பாட்டுகளோ நடந்து முடிந்ததை நினைத்துப் பார்க்கின்றன. 1,600 பேர் உட்கார்ந்த அரங்கில் அது தேக்கம், தனியே கேட்பவருக்கு அது நெருக்கம்.

அப்படியானால் ஆல்பமாவது தப்பித்திருக்க வேண்டாமா? மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையை இங்கே நினைக்கலாம். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், இணையத்தில் 14,000க்கும் அதிகமான கேட்போர். சிலருக்குப் பாட்டு மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகில் ஒவ்வொரு பாட்டையும் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். ஒரே பாட்டு ஓர் உலகில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40ஆம் இடம். மிக நல்லவை படுமோசமாகத் தோற்பது அரிது, மிக மட்டமானவை ஜெயிப்பதும் அரிது. நடுவில் கிடந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம். இதனால் 'கேப்மேன்' உயர்ந்தது என்று நிரூபணமாகிவிடாது. பிராட்வேயின் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் நட்டச் செய்திக்குப் பிறகு அதைத் திறந்த மனதோடு கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும் என்று மட்டும் கேட்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயது கடந்த சைமனின் மென்குரல் பதினாறு வயது முரடனுக்குப் பொருந்தவே இல்லை. பாடகர்கள் மார்க் ஆன்டனியும் ரூபன் பிளேட்ஸும் வந்து சேரும் 'டைம் இஸ் அன் ஓஷன்' பாட்டில்தான் பாத்திரங்களுக்குச் சதை பிடிக்கிறது. ஆனால் அதே குறை ஓரிடத்தில் பலமாகிறது. 'கேன் ஐ ஃபர்கிவ் ஹிம்' பாட்டு கொலையாளியின் தாயும் இறந்த பையன்களின் தாய்மாரும் பேசிக்கொள்வது. ஆல்பத்தில் மூவருக்கும் சைமனின் ஒரே குரல், துணைக்கு அனேகமாகக் கிட்டார் மட்டும். யார் எந்த வரியைச் சொன்னார் என்பது நடுநடுவே குழம்பிவிடுகிறது. இழந்தவளின் கோபத்தைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது கொலையாளியைப் பெற்றவளின் மன்றாட்டாக இருக்கிறது.

2010 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திறந்தவெளி அரங்கில் இயக்குநர் டயான் பாலஸ் இந்த நாடகத்தைச் சுருக்கி மூன்று இரவுகள் நிகழ்த்தினார். இப்போது ஆல்பத்தை எடுக்கிறவர்கள் வரிசைப்படி கேட்க வேண்டியதில்லை. முதலில் 'தி வேம்பயர்ஸ்', அப்புறம் வாத்தியமில்லாத அந்த முதல் பாட்டு 'அடியோஸ் எர்மானோஸ்', பிறகு அந்தத் தாய்மார் பாட்டு. 'கில்லர் வான்ட்ஸ் டு கோ டு காலேஜ்' இரண்டு பாகங்களையும் கடைசிக்குத் தள்ளிவிடலாம், தாண்டிப் போனாலும் பாதகமில்லை.