புதன்கிழமைக் குளம்

காஞ்சியிலே குளங்களுக்குப் பஞ்சமில்லை. கோடைப் பகலிலே, படிக்கட்டின் உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, சிரித்தபடி மேலெழும் சிறுவர்களைப் பார்த்திருக்கிறோம். நீ எந்தத் தெரு என்று நீர் கேட்பதில்லை. கரையிலே நிற்பவன்தான் கேட்கிறான்! 1927-லே மகாட் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார் என்பதற்காக, சாணமும் தயிரும் கொட்டி அந்தக் குளத்துக்கே 'சுத்தி' செய்தனர் வைதீகர்.

இந்த நோய் நமக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! அமெரிக்காவிலே, பசடீனா நகரின் பொது நீச்சல் குளத்திலே, ஒரு காலத்திலே வெள்ளையரல்லாதார் வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை மட்டும்தான் இறங்க முடிந்தது. அவர்கள் கரையேறியதும் நீரை வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்புவார்களாம். டெமாக்ரசி பேசும் தேசத்திலே!

அந்தப் புதன்கிழமைக்காகக் காத்திருந்தவன், கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, 1920-லே பிறந்த சாமி லீ. மற்ற நாட்களிலே? பயிற்சியாளர் ஜிம் ரயன் தம் கொல்லையிலே குழி தோண்டி மணல் நிரப்பினார். நீரில் பாய வேண்டியவன் மணலிலே குதித்துப் பழகினான். தறிக்குழியிலே கால் வைத்துப் பட்டு நெய்வோருக்கு, குழியிலே பிறக்கும் கலையின் அருமையை நாம் சொல்லவா வேண்டும்!

தந்தையின் விருப்பப்படி டாக்டரானார், ராணுவ மருத்துவருமானார். 1948, லண்டன் ஒலிம்பிக். பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து பாய்ந்தார்: தங்கம்! 1952, ஹெல்சின்கியிலே, தமது 32-வது பிறந்தநாளன்று, மீண்டும் தங்கம்! அந்த மேடைப் போட்டியில் அடுத்தடுத்து இருமுறை வென்ற முதல் ஆண் வீரர் அவரே.

நாட்டுக்கு இரண்டு தங்கம் தந்தவருக்கு நாடு தந்ததென்ன? 1955-லே ராணுவச் சேவை முடித்து, கலிபோர்னியாவிலே வீடு வாங்கப் போனார். ஆசியருக்கு விற்கமாட்டோம் என்றனர்! பதக்கம் வேண்டும், பக்கத்து வீட்டிலே அவர் வேண்டாம். செய்தி பரவி ஊர் நாணிய பிறகே வீடு கிடைத்தது.

வேறொருவராயின் வெறுத்து ஒதுங்கியிருப்பார். இவரோ, காது மூக்கு தொண்டை வைத்தியம் பார்த்துக்கொண்டே, பாய்ச்சல் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற வெள்ளை இளைஞர் பாப் வெப்ஸ்டர் 1960-லும் 1964-லும் அதே பத்து மீட்டர் மேடையிலே தங்கம் வென்றார். ஆசானைப் போலவே இருமுறை! பிறகு வந்தான் கிரெக் லூகானிஸ். சமோவா இரத்தம் கலந்தவன், நிறத்துக்காகப் பள்ளியிலே கேலி பட்டவன். அவனைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பயிற்றினார் லீ. 1976, மான்ட்ரியலிலே, 16 வயதிலே வெள்ளி வென்றான். 1984-லும் 1988-லும் அவன் குவித்த நான்கு தங்கங்கள் வேறொரு பயிற்சியாளரிடம் இருந்தபோது வந்தவை. அதனாலென்ன, நாற்று விட்ட கை எது என்பது உழவனுக்குத் தெரியும்.

சாமி லீ 2016 டிசம்பரிலே, 96 வயதிலே மறைந்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலே ஒரு தொடக்கப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே எல்லா நிறத்துப் பிள்ளைகளும் படிக்கலாம். புதன்கிழமை மட்டுமல்ல, திங்கள் முதல் வெள்ளிவரை!