கீச்… கரகர… பெடல் இறக்கம்! உங்கள் கார் பிரேக் என்ன சொல்கிறது?

தை, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போது ஆரணி பட்டுக் கடைகளின் வாசலில் வெளியூர் கார்கள் வரிசைகட்டும். ஐந்து பேர் உட்கார வேண்டிய காரில் ஏழு பேர், மடியில் குழந்தை, திரும்பும்போது டிக்கி நிறைய ஜவுளி. முகூர்த்தப் புடவையின் சரிகையைத் தடவிப் பார்த்து, முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற குடும்பங்கள் இவை. ஆனால், 'வந்த காரின் பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்டால் பதில் சட்டென்று வராது.

அதற்குக் காரணமும் உண்டு. டாக்ஸி, பஸ், லாரி போன்ற வாகனங்கள் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் ஆய்வு. புகைச் சான்று கொடுக்கும் இடத்தில் புகையை மட்டும்தான் பார்ப்பார்கள். ஆக, 15 ஆண்டுகள் பிரேக்கைக் கவனிக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க வீட்டுக்காரர்களுடையது.

காலடியில் என்ன நடக்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. முன்சக்கரங்களில் சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இரு பக்கமும் பிரேக் பேடுகள் கவ்வுகின்றன. பெரும்பாலான சின்னக் கார்களில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். அதில் பிரேக் ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து டிரம்மை உரசி நிறுத்தும். மிதிக்கும் வலிமையைப் பெருக்கித் தருவது பூஸ்டர். அது இன்ஜின் ஓடும்போதுதான் முழுமையாக வேலை செய்யும்.

உரசித்தான் நிற்க வேண்டும் என்பதால் பேடும் ஷூவும் தேய்ந்தே தீரும். அவை தேயாமல் பார்த்துக்கொள்ள முடியாது. தேய்ந்ததை உரிய நேரத்தில் கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு.

இந்த லைனிங் பிறந்த கதையிலும் ஒரு குடும்பப் பயணம் இருக்கிறது. 1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லி அதன் மேல் தோல் அடிக்கவைத்தார். இன்றைய பிரேக் லைனிங்கின் முன்னோடி அந்தத் தோல்தான்.

இன்று அந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னை பாடியில் வளர்ந்தது. அதன் வார்ப்பாலை இருப்பது சோளிங்கரில். ஆரணியிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாகப் போனால் வந்துவிடும் ஊர். ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவையும் சென்னையில் தொடங்கப்பட்டவையே.

சத்தம் மாறினால் நிறுத்துங்கள்

தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்குத் தறியின் சத்தம் மனப்பாடம். அது கொஞ்சம் மாறினாலும் கை நின்றுவிடும். பாவில் அறுந்த இழையை முடித்த பிறகுதான் அடுத்த ஊடை ஓடும். அதே காது காருக்கும் வேண்டும்.

* கீச் சத்தம்: பல பேடுகளில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். 'மாற்றும் நேரம் வந்துவிட்டது' என்பதற்கான எச்சரிக்கை அது. மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் சில மிதிகளில் மட்டும் வந்து மறைந்தால், டிஸ்க்கில் படிந்த லேசான துருவாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

* கரகர சத்தம்: லைனிங் முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று அர்த்தம். இனி ஓட்டினால் பேடோடு டிஸ்க்கும் போகும். செலவு பல மடங்காகும், கார் நிற்கும் தூரமும் கூடும்.

* பெடல் ஆழமாகப் போவது, மெத்தென்று இருப்பது: ஆயில் கசிவு அல்லது குழாயில் காற்று. உடனே பார்க்க வேண்டிய கோளாறு.

* பெடலில் அதிர்வு: டிஸ்க் சமமாகத் தேயாமல் இருக்கலாம். ஆனால் அவசரமாக மிதிக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று துடித்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. அப்போது காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும்.

* ஒரு பக்கமாக இழுப்பது, ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாவது: காலிபர் சிக்கிக்கொண்டிருக்கலாம்.

* டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு: ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிய பிறகும் எரிந்தால், ஆயில் அளவைப் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பினால் போதுமா?

போதாது. பேடு தேயத் தேய, ஆயில் டப்பாவில் அளவு மெல்ல இறங்கும். திடீரென்று குறைந்தால் எங்கோ கசிகிறது. இரண்டிலும் காரணத்தைப் பார்க்காமல் நிரப்புவது, காய்ச்சல் வந்ததும் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது போலத்தான்.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவுகோல் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இது 230, 155 டிகிரி. அதனால் குறைவாக ஓடும் காராக இருந்தாலும், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுவது நல்லது. மூடியில் குறிப்பிட்ட வகையைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள் கெட்டுவிடும்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது…

ஆரணிக்காரர்கள் விடுமுறைக்குக் கிளம்பினால் போளூர் வழியே ஜமுனாமரத்தூர், பீமன் அருவி என்று ஒரு சுற்று வருவது வழக்கம். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்க்கும் கொதிக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் அந்தச் சூட்டில் ஆவியாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் இங்கேதான் ஆபத்தாகின்றன. நியூட்ரலில் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தாது. இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிகளிலேயே பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறினோமோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. இடையிடையே நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து பிரேக் ஆற விட வேண்டும்.

சமதளச் சாலையிலும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். முன்னால் போகும் நெல் லாரி நின்றதைப் பார்த்து, காலைப் பெடலுக்குக் கொண்டுபோவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. அதன் பிறகுதான் பிரேக்கின் வேலையே ஆரம்பம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

வீட்டு வாசலிலேயே 5 நிமிடச் சோதனை

1. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவு 'மின்', 'மேக்ஸ்' கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள்.

2. இன்ஜினை அணைத்த நிலையில் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். கெட்டியானதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் நலம்.

3. அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. சக்கரங்களின் உள்பக்கமும் தரையிலும் ஈரக்கசிவு இருக்கிறதா பாருங்கள்.

5. டிரைவர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில், நழுவும் மேட் இரண்டையும் அப்புறப்படுத்துங்கள். பிரேக் நன்றாக இருந்தும் பெடலுக்கு அடியில் பாட்டில் மாட்டினால் கார் நிற்காது. இதைக் கவனிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.

ஷெட்டில் என்ன கேட்க வேண்டும்?

'சக்கரத்தைக் கழற்றிப் பேடைக் காட்டுங்கள்' என்று கேட்கத் தயங்க வேண்டாம். லைனிங் சுமார் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முத்திரை பிரிக்காத பெட்டியில் வந்த பேடை வாங்கி, பழையதைத் திருப்பிக் கேளுங்கள். உண்மையிலேயே தேய்ந்ததா என்று கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதும் இடத்தில் குழந்தைகளோடு நிற்காதீர்கள். புதுப் பேடு போட்ட முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக்கைத் தவிர்த்து, மெதுவாகப் பழக்க வேண்டும்.

தேங்கிய மழைநீரைக் கடந்தபின், பின்னால் வண்டி வராததைப் பார்த்து, மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாகச் சில முறை மிதித்தால் ஈரம் காயும்.

ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லையா?

இன்ஜினை அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும். பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், அழுத்தம் திரும்பி வர வாய்ப்புண்டு. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹார்னும் ஹஸார்டு விளக்கும் போட்டு மற்றவர்களை எச்சரியுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். நின்ற பிறகு, 'ஊர் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்' என்று யாராவது சொன்னாலும் எடுக்க வேண்டாம். கிரேன் வண்டிக்குச் சொல்லிவிட்டு, குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதே சரி.